சீந்தில்: சாகாத கொடி

(பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவியர் நால்வர்)

“உங்களில் சீந்தில் கொடியைக் கண்ணால் பார்த்தவர்கள் யார்?” என்று எங்கள் தாவரவியல் ஆசிரியை ஒருநாள் வகுப்பில் கேட்டார். நாற்பத்திரண்டு பேரில் மூன்று கைகள் உயர்ந்தன. “சீந்தில் சேர்ந்த கஷாயம் குடித்தவர்கள் யார்?” என்று அடுத்துக் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. ஆசிரியை சிரித்துக்கொண்டே, “2020ஆம் ஆண்டு கொரோனா சமயத்தில் கபசுரக் குடிநீர் குடிக்காதவர்கள் கை தூக்குங்கள்” என்றார். அப்போதும் கைகள் உயரவில்லை. கபசுரக் குடிநீரில் சேரும் பதினைந்து சரக்குகளில் சீந்திலும் ஒன்று என்று அவர் சொன்னபோதுதான், முகம் தெரியாத ஒரு கொடியை நாங்கள் அனைவரும் குடித்திருக்கிறோம் என்பது விளங்கிற்று. வகுப்பே சிரித்தது. எங்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

அன்று மாலையே இக்கொடியைப் பற்றி எழுதுவது என்று நால்வரும் முடிவு செய்தோம். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

சீந்திலை முதன்முதலில் பார்ப்பவர்கள் அது எங்கே தொடங்குகிறது என்று தேடுவார்கள். மற்றக் கொடிகள் தரையிலிருந்து மேலே ஏறும். சீந்திலோ மேலிருந்து கீழே இறங்குவதுபோல் தோன்றும். வேப்பமரத்தின் உச்சிக் கிளைகளில் படர்ந்து, அங்கிருந்து நூல் நூலாக வேர்களைத் தொங்கவிடும். காற்றில் ஆடும் இவ்வேர்கள் பல அடி நீளம் வளர்ந்து, மண்ணைத் தொட்டதும் ஊன்றிக்கொண்டு தடிக்கும். அடித்தண்டை அரிவாளால் வெட்டிப் போட்டாலும் மேலே உள்ள கொடி உடனே வாடுவதில்லை. தன்னிடம் உள்ள ஈரத்தைக் கொண்டு பிழைத்திருந்து, புதிய நூலொன்றை மண்ணுக்கு அனுப்பிவிடும். வெட்டிய துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் பசுமை மாறாமல் இருந்து தளிர்க்கவும் செய்யும். அமுதவல்லி, அமிர்தவல்லி, ஆகாசவல்லி என்று நம் வைத்தியர்கள் இதற்குப் பெயரிட்டது வெறும் புகழ்ச்சியன்று என்பது அதைப் பார்த்தால் தெரியும். வடமொழியில் குடூசி, அமிர்தா; இந்தியில் கிலோய்; தெலுங்கில் திப்பதீக; இலங்கையில் சிங்களவர் ரசகிந்த என்பர்.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் டினோஸ்போரா கார்டிஃபோலியா. ‘கார்டிஃபோலியா’ என்பது லத்தீன் சொல் என்றும், இதயம் போன்ற இலையை உடையது என்று பொருள் என்றும் எங்கள் சிஸ்டர் விளக்கினார். இலையைப் பார்த்தால் வெற்றிலையின் தங்கை என்றே தோன்றும். ஆனால் வெற்றிலைக்கு உறவு மிளகு. சீந்திலின் குடும்பமோ மெனிஸ்பெர்மேசி, அதாவது பிறைவிதைக் குடும்பம். இக்குடும்பத்து விதைகள் வளர்பிறை போல் வளைந்திருப்பதால் அப்பெயர் வந்தது. பூக்கள் சிறியவை, பசுமஞ்சள் நிறத்தவை, கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் மட்டும் சிவந்த பழங்கள் கொத்தாகத் தொங்கும். கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு வெறுங்கொடியாய் நிற்கும்போது இப்பழங்கள்தாம் அதை நமக்குக் காட்டிக்கொடுக்கும்.

நிற்க. கொடியை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுந்தது. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையை எங்களில் மூவர் சிறு வயது முதல் அறிவோம். கொளவாய் ஏரியைத் தாண்டினால் செம்மண்ணும் பாறைக் குன்றுகளும். பிறகு வயல்கள். கடலை நெருங்க நெருங்க மணல், பனை, சவுக்கு, முந்திரி. இக்கடற்கரைக்கு இயற்கையாக உரிய காடு உயரமில்லாதது. ஆண்டு முழுதும் இலை உள்ளது. முட்களும் கொடிகளும் பின்னிக் கிடப்பது. கோயில் காடுகளிலும் குன்றுச் சரிவுகளிலும்தான் அதன் மிச்சத்தைக் காணலாம். அதற்கு அடுத்தபடியாகக் கொடிகளுக்குப் புகலிடமாய் இருந்தது வேலி. கள்ளியும் நொச்சியும் கிளுவையும் நட்ட உயிர்வேலிகளில் சீந்தில், கோவை, முடக்கறுத்தான், தூதுவளை, குன்றிமணி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கிடக்கும் என்று எங்கள் பெற்றோர் சொல்கின்றனர். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமையில் அச்சாலையில் கண்டவை பெரும்பாலும் மதில்களும் முள்கம்பிகளுமே. மனை பிரிக்கும்போது முதலில் போவது வேலி. வேலியோடு கொடியும் போய்விடுகிறது. அதற்கென்று யாரும் விலை கேட்பதில்லை.

பூஞ்சேரிக்கு இப்பால் ஒரு சிற்றூரில், எங்களில் ஒருத்தியின் ஆயா வீடு இருக்கிறது. அவ்வீட்டுப் பின்புறத்திலும் ஒரு காலத்தில் வேலி இருந்தது. வேலியோரத்து வேம்பில் சீந்தில் இருந்தது. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆயாவிடம்தான் வருவார்களாம்.

“எப்படிக் கொடுப்பீங்க ஆயா?” என்று கேட்டோம்.

“கட்டவிரல் தடிமனுக்குக் கொடி பாத்து ஒரு சாண் அறுக்கணும் கண்ணு. இளசு ஆவாது. மேல்தோலைச் சீவிட்டு நசுக்கி, நாலு மிளகு போட்டு, ரெண்டு ஆழாக்குத் தண்ணி அரை ஆழாக்கா சுண்டுற வரைக்கும் காய்ச்சணும். காலையில ஒரு வேளை, சாயந்திரம் ஒரு வேளை.”

“எத்தனை நாள்?”

“மூணு நாளு. மிஞ்சிப் போனா அஞ்சு. காச்சல் விட்டா மருந்தையும் வுட்டுடணும்.”

இந்தக் கடைசி வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இதைப் படித்துவிட்டு உடனே யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

சித்த மருத்துவம் சீந்திலை முறைக்காய்ச்சலுக்கும், பித்தத்துக்கும், மேக நோய்க்கும், நெடுநாள் நோயால் இளைத்த உடம்பைத் தேற்றுவதற்கும் சொல்கிறது. ‘சீந்தில் சர்க்கரை’ என்று ஒரு மருந்து உண்டு. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அதில் இனிப்பே கிடையாது. முற்றிய தண்டைத் தோல் நீக்கி, நறுக்கி, இடித்து, நீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிவார்கள். அந்நீரை அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்நீரை வடித்துவிட்டு, மறுபடி நீர் விட்டுத் தெளியவைத்து, பலமுறை கழுவி, வெயிலில் உலர்த்தினால் கிடைக்கும் வெண்பொடியே சீந்தில் சர்க்கரை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அரைக்கிலோ தண்டை இடித்து நாங்களும் செய்து பார்த்தோம். ஒரு பிற்பகல் முழுதும் இடித்த கைகளுக்கு இரண்டு தேக்கரண்டிப் பொடி கூலியாகக் கிடைத்தது. அதில் ஒரு சிட்டிகையை எடுத்து அயோடின் கரைசலை விட்டதும் கருநீலமாயிற்று. ஆக, அது பெரும்பாலும் ஸ்டார்ச் என்பது உறுதி. ஸ்டார்ச்சோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறிதளவு கசப்புப் பொருளும் இருக்கிறது என்பதை எங்கள் நாக்கு உறுதி செய்தது. (ஆசிரியையின் அனுமதியோடு, ஊசி முனையளவே!)

கசப்பின் காரணத்தை ரசாயன அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். தண்டில் பெர்பெரின், பால்மடின், மேக்னோஃப்ளோரின் முதலிய ஆல்கலாய்டுகளும், டைடெர்பீன் வகைக் கசப்புப் பொருள்களும் உள்ளன. மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தருவதும் பெர்பெரினே. உடலின் எதிர்ப்பாற்றலைச் சீந்தில் தூண்டுகிறது என்பது பல ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்தது. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையும் அதற்கு உண்டு.

ஆங்கிலேய மருத்துவர்களும் இக்கொடியை அலட்சியம் செய்யவில்லை. 1868ஆம் ஆண்டு எட்வர்ட் ஜான் வாரிங் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த ‘இந்திய மருந்துச் சுவடி’யில் ‘குலஞ்சா’ என்ற வங்கப் பெயருடன் சீந்தில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டே, 1869இல், சென்னையைச் சேர்ந்த மருத்துவர் மொஹிதீன் ஷெரிஃப் அந்நூலுக்கு ஒரு துணைநூல் வெளியிட்டார். ஒரே மூலிகைக்குத் தமிழிலும், தெலுங்கிலும், இந்துஸ்தானியிலும், பிற மொழிகளிலும் வழங்கும் பெயர்களைத் தொகுத்துத் தந்த நூல் அது. ஒரு மருத்துவர் ஏன் அகராதி வேலையில் இறங்க வேண்டும் என்று நாங்கள் முதலில் வியந்தோம். ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டு, கடையில் வேறொன்றை வாங்கி வந்தால் நோயாளியின் கதி என்ன என்று எண்ணிப் பார்த்தபோது வியப்பு நீங்கிற்று.

இப்போது, எங்களில் ஒருத்தி ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு வருகிறோம். ஆயாவின் பேத்திதான் அவள்.

மதில் எழுப்புவதற்காக ஆயா வீட்டு வேலி எடுக்கப்பட்டது. கொடி படர்ந்திருந்த வேம்பும் அப்போதே போயிற்று. 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் முறை வந்தபோது ஊரில் பயம் மிகுந்திருந்தது. அவள் அப்பா, சீந்தில் என்று சொல்லி விற்ற உலர்ந்த தண்டுத் துண்டுகளை வாங்கி வந்து, நாள் தவறாமல் காலையும் மாலையும் காய்ச்சிக் குடித்தார். காய்ச்சல் ஒன்றும் இல்லை. வராமல் இருக்க வேண்டுமே என்றுதான். வாரங்கள் கடந்து மாதங்களாயின. மூன்றாம் மாதம் சோறு பிடிக்கவில்லை. கண் மஞ்சளித்தது. மருத்துவமனையில், “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்ட மருத்துவரிடம், “ஒன்றுமில்லை” என்றுதான் அப்பா முதலில் சொன்னாராம். கஷாயத்தை மருந்தென்றே அவர் எண்ணவில்லை! அம்மாதான் சொன்னார். எது காரணம் என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னார். நிறுத்தியபின் கண்ணின் மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கிற்று. உடம்பு தேற இரண்டு மாதமாயிற்று. அந்த இரண்டு மாதமும் ஆயா யாரோடும் சரியாகப் பேசவில்லை. தான் ஊருக்கெல்லாம் கொடுத்த மருந்து, தன் மகனைப் படுக்க வைத்துவிட்டதே என்ற வேதனை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததன்று. மும்பையில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு கண்டதாக அங்குள்ள மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அறுவரில் ஒருவர் இறந்தார். அவருக்கு முன்பே கல்லீரல் நோய் இருந்திருக்கிறது. மத்திய ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. அவர்கள் உட்கொண்டது சீந்தில்தானா என்று மருத்துவர்கள் சரிபார்க்கவில்லை. அதைப் போலவே தோன்றும் டினோஸ்போரா கிரிஸ்பா என்ற மற்றொரு கொடியாக இருக்கலாம் என்றது. பின்னர், நாட்டின் பல மருத்துவமனைகளில் கண்ட 43 நோயாளிகளைப் பற்றிய விரிவான கட்டுரை 2022இல் வெளிவந்தது. நோய்க்குறிகள் தோன்றும்வரை அவர்கள் சீந்தில் உட்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 46 நாட்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தக் கல்லீரலையே தாக்கும் நோய் ஒன்று உண்டு. அது சிலரிடம் வெளியே தெரியாமல் உறங்கும். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சீந்தில், உறங்கிய அந்நோயை எழுப்பிவிட்டிருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து.

இரு தரப்பையும் படித்துவிட்டு நாங்கள் நால்வரும் வெகுநேரம் வாதிட்டோம். வேறு கொடி கலந்துவிட்டது என்பது ஒரு கட்சி. உண்மையான சீந்திலும் எல்லா உடம்புக்கும் எல்லா நாளும் ஆகாது என்பது மறு கட்சி. இரண்டையும் ஏன் ஒருங்கே ஏற்கக் கூடாது என்று எங்களுக்குத் தோன்றிற்று. ஆயாவின் மருந்தில் மூன்று கட்டுகள் இருந்தன: தானே பார்த்து அறுத்த கொடி, ஒரு சாண் அளவு, ஐந்து நாள் கெடு. கொரோனா பயத்தில் மூன்றும் ஒருசேர அறுந்தன. கொடி கடைக்குப் போயிற்று. அளவு அவரவர் விருப்பம் ஆயிற்று. கெடு என்பதே இல்லாமல் போயிற்று. நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளவர்கள், கருவுற்ற தாய்மார்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. நம் மாவட்டத்திலேயே தாம்பரத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கொடியை அடையாளம் காண்பதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இதைக் கற்க நாங்கள் சென்றது, மூலிகை பறிக்கும் இருளர் அம்மா ஒருவரிடம். செங்கற்பட்டு மாவட்டத்தில் இருளர் என்றாலே பாம்பு பிடிப்பவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெயர் பெற்றது அல்லவா? ஆனால் செடி கொடிகளைப் பற்றிய இருளர்களின் அறிவு, பாம்பறிவுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986ஆம் ஆண்டு முதல் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகைப் பணி செய்து வந்திருப்பதைப் பலர் அறியார்.

அந்த அம்மா புத்தகம் எதுவும் பார்க்கவில்லை. தண்டை எடுத்து நகத்தால் கீறினார். காகிதம் போன்ற சாம்பல்நிற மேல்தோல் உரிந்து, கீழே பளிச்சென்று பச்சை தெரிந்தது. “இந்தப் பச்சை வரணும் பாப்பா. கீறினா பால் வரக் கூடாது” என்றார். பிறகு குறுக்கே அறுத்துக் காட்டினார். மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து கோடுகள் கிளம்பியிருந்தன. பள்ளிக்குத் திரும்பி, ஆயுஷ் அமைச்சகம் 2021இல் வெளியிட்ட ஒப்பீட்டை எடுத்துப் பார்த்தோம். சீந்திலின் தண்டு பச்சை, பால் கசியாது, முண்டுகள் இராது, பூவிதழ் ஆறு, பழம் உருண்டை, சிவப்பு. மற்றக் கொடியின் தண்டு சாம்பல் நிறம், பால் கசியும், முற்றிய தண்டில் சிறு முண்டுகள் எழும்பும்; பூவிதழ் மூன்று; பழம் நீள்வட்டம், ஆரஞ்சு நிறம். தண்டைப் பற்றி அந்த அம்மா நகத்தால் எழுதியதைத்தான் அமைச்சகம் அச்சில் எழுதியிருந்தது.

உலர்ந்த துண்டில் இவற்றுள் பெரும்பாலானவை தெரியா. பச்சை போய்விடும், பால் வற்றிவிடும், இலையும் பூவும் பழமும் கூட வாரா. ஆயா வீட்டு அப்பா குடித்தது எந்தக் கொடி என்பதை இனி யாராலும் சொல்ல இயலாது.

எங்களைப் போன்ற மாணவியருக்கு ஒரு நல்ல செய்தி. தமிழ்நாட்டுச் செடி கொடிகளைத் திட்டமாக அடையாளம் காண வேண்டுமானால் நூல் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரக் கூடம் 1967இல் நிறுவப்பட்டது. அங்கிருந்து சேசுசபைத் தந்தை கே. எம். மாத்யூ ஊர் ஊராய்த் தாவரங்களைச் சேகரித்து, தமிழகத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980களில் வெளியிட்டார். நாங்களும் அம்முறையில் ஒரு சீந்தில் கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, உலர்த்தி, அட்டையில் தைத்து, ஊர், நாள், மரம் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறோம். முதல் முயற்சியில் இலைகள் கறுத்துப் போயின. தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும் என்பதை மறந்ததன் பயன்.

அழுத்துவதற்காகப் பறித்த கிளையில் ஒரு புழு இருந்ததையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கரிய உடல், பக்கவாட்டில் பெரிய கண் போன்ற வட்டங்கள், தொட்டதும் தலையை மடித்துக்கொண்டு பாம்பு போல் முறைத்தது. சீந்தில் குடும்பத்துக் கொடிகளின் இலையைத் தின்று வளரும் இப்புழு, பிறகு பழங்களைத் துளைத்துச் சாறு குடிக்கும் அந்துப்பூச்சி ஆகிறது என்று ஆசிரியை கூறினார். அவ்வளவு கசப்பைத் தின்று வளர்ந்த பிராணிக்குப் பழச்சாறு ஆசை வருவது நியாயம்தானே!

இருளர் அம்மா கொடுத்த முழ நீளத் துண்டுகள் மூன்றை, விடுதிக்குப் பின்னாலுள்ள வேம்பின் அடியில் சென்ற ஆடியில் நட்டோம். ஒன்றை ஆடு தின்றது. மற்ற இரண்டும் தளிர்த்து மரத்தைப் பிடித்துக்கொண்டன. இவற்றில் ஆண் எது, பெண் எது என்பது பூத்தால்தான் தெரியும். பெயர்ப் பலகையும் எழுதி வைத்தோம்.

பெற்றோர் தினத்தன்று ஆயா வந்திருந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விடுதிப் பக்கம் நடந்து வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகையால் பலகையை அவர் பார்க்கவில்லை. தண்டை ஓரிடத்தில் நகத்தால் கீறினார். குனிந்து உற்றுப் பார்த்தார். “இதுதான் கண்ணு” என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, “கட்டவிரல் தடிமன் ஆவ இன்னும் ரெண்டு வருசம் பிடிக்கும். அதுக்குள்ள எவனும் கை வைக்கக் கூடாது” என்றார். அப்பா சரி என்று தலையாட்டினார்.